சண்டை முடிஞ்சுது... ஹீரோ தேறுவாரா? ‘க்ராஸ்ஓவர்’ கதைகள் விட்டுச்செல்லும் கடன்

அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்டு நகரம். ரியாலிட்டி ஷோவுக்காக வில்லன்களைப் பிடிக்கப் போகிறது ஓர் இளம் சூப்பர் ஹீரோ டீம். துரத்தலில் சிக்கிய ஒரு வில்லன் தன்னையே வெடிக்கவைக்க, பள்ளிக் குழந்தைகள் உட்பட 600க்கும் அதிகமானோர் பலி.

2006ல் மார்வெல் வெளியிட்ட ‘சிவில் வார்’ காமிக்ஸ் தொடங்குவது இப்படித்தான். சூப்பர் ஹீரோக்கள் தங்கள் நிஜப் பெயரை அரசிடம் பதிவு செய்யணும் என்று சட்டம் வருகிறது. அயர்ன்மேன் ஆதரவு, கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பு. 2016ல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மோதல் ஓரளவு தெரிந்ததுதான். ஆனால், காமிக்ஸில் வரும் டோனி ஸ்டார்க் வேற ரகம். சட்டத்தை ஏற்காத பழைய நண்பர்களை வேறொரு பரிமாணத்தில் கட்டிய சிறையில் அடைக்கிறார். தோரின் குளோனை உருவாக்கிக் களத்தில் இறக்குகிறார். அந்தக் குளோன், கோலியாத் என்ற சக ஹீரோவைக் கொன்றுவிடுகிறது. அப்போதும் டோனி பின்வாங்கவில்லை.

ஏழு இதழ்களில் கதை முடிந்தது. ஆனால், டோனியின் பெயரில் விழுந்த கறை அத்தனை சீக்கிரம் போகவில்லை.

முதலில், க்ராஸ்ஓவர் ஈவென்ட்னா என்ன?

அமெரிக்க காமிக்ஸில் பெரிய ஹீரோக்களுக்குத் தனித்தனி மாத இதழ்கள் உண்டு. அவ்வப்போது எல்லோரையும் ஒரே கதைக்குள் இழுத்துப்போட்டு ஒரு மெகா சம்பவத்தை நடத்துவார்கள். நம்ம டிவி சீரியல்களின் ‘மகா சங்கமம்’ மாதிரிதான். மெயின் கதை ஒரு தனித் தொடராக வரும். அதன் கிளைக் கதைகள் ஹீரோக்களின் மாத இதழ்களில் ஓடும். இவற்றுக்கு ‘டை-இன்’ என்று பெயர்.

1984ல் மார்வெலின் ‘சீக்ரெட் வார்ஸ்’, 1985ல் டிசியின் ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ இரண்டும்தான் இந்த ஃபார்முலாவுக்குப் பாதை போட்டவை. முன்னது மேட்டெல் நிறுவனத்தின் பொம்மைகளோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டது. ஆக, வியாபாரம் இதில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அதில் தப்பும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

உடைப்பவர் ஒருவர், ஒட்டவைப்பவர் இன்னொருவர்

ஈவென்ட்டை எழுதுபவர் ஒருவர். அது முடிந்த பிறகு அந்த ஹீரோவை மாதாமாதம் எழுதவேண்டியவர் பெரும்பாலும் வேறொருவர். முதலாமவருக்கு அதிர்ச்சி வேண்டும். யாரோ ஒருவர் சாகணும், துரோகம் செய்யணும். அதுவும் எல்லோருக்கும் தெரிந்த ஹீரோ செய்தால்தான் பரபரப்பு. அடுத்து வருபவருக்கு மிஞ்சுவது பில் மட்டும்தான்.

டோனியின் கணக்கை எப்படித் தீர்த்தார்கள்? 2008ல் அயர்ன்மேன் இதழை எழுதத் தொடங்கிய மேட் ஃப்ராக்‌ஷன், டோனியைத் தன் மூளையையே அழிக்கவைத்தார். ஹீரோக்களின் ரகசிய விவரங்கள் வில்லன் கையில் சிக்காமல் இருக்க அந்தத் தியாகம். பிறகு பேக்கப்பிலிருந்து அவர் ‘ரீபூட்’ செய்யப்பட்டார். அந்த பேக்கப் எடுக்கப்பட்டது சிவில் வாருக்கு முன்பு! அதாவது, தான் செய்த எதுவுமே டோனிக்கு ஞாபகம் இல்லை. புத்திசாலித்தனமான தீர்வுதான். ஆனால், ஹீரோவை மறுபடி நேசிக்கவைக்க அவரது நினைவையே துடைக்கவேண்டி வந்தது என்றால், ஈவென்ட் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்பைடர்மேன் கொடுத்த விலை

இன்னும் பெரிய அடி பீட்டர் பார்க்கருக்கு. 1962 முதல் அவரது கதையின் அடித்தளமே முகமூடிதான். சிவில் வாரின் இரண்டாம் இதழில், டோனியின் பேச்சைக் கேட்டு, பத்திரிகையாளர்கள் முன்னால் அதைக் கழற்றினார். செம சீன், சந்தேகமே இல்லை. ஆனால், அடுத்து என்ன?

வில்லன்களுக்கு வீட்டு அட்ரஸ் தெரிந்துவிட்டது. பீட்டருக்கு வைத்த குறியில் ஆன்ட் மே மீது குண்டு பாய்ந்தது. அவரைக் காப்பாற்ற, 2007ல் வந்த ‘ஒன் மோர் டே’ கதையில் பீட்டரும் மேரி ஜேனும் மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு டீல் போட்டார்கள். விலை, 1987ல் நடந்த அவர்களது கல்யாணம். 20 வருஷம் வாசகர்கள் கூடவே பயணித்த தாம்பத்தியம், நடக்கவே நடக்காத ஒன்றாக மாறிப்போனது. பீட்டரின் ரகசியமும் மறுபடி ரகசியமானது.

அந்தக் கல்யாணத்தை முடித்துவைக்கும் எண்ணம் மார்வெல் ஆசிரியர் குழுவில் முன்பே இருந்தது உண்மை. ஆனால், அதற்கான வாசலைத் திறந்துவிட்டது ஈவென்ட்தான். ஒரு பக்க அதிர்ச்சிக்காக எடுத்த முடிவைத் திருப்ப, ஒரு வாழ்க்கையையே அழிக்கவேண்டி வந்தது.

டிசியிலும் இதே கதைதான். ‘கிட் ஃப்ளாஷ்’ ஆக அறிமுகமாகி, வாசகர்களின் கண்முன்னே வளர்ந்து, ஃப்ளாஷ் ஆனவர் வாலி வெஸ்ட். 2016ல் நம்பிக்கையின் அடையாளமாகத் திரும்ப வந்தார். இரண்டே வருஷத்தில் ‘ஹீரோஸ் இன் க்ரைசிஸ்’ தொடங்கியது. மனநல சிகிச்சைக்கு வந்த ஹீரோக்கள் கொல்லப்பட, அதற்குக் காரணம் வாலி என்றும், பழியை மற்றவர்கள் மேல் போட்டார் என்றும் கதை முடிந்தது. 2021ல் வேறோர் எழுத்தாளர் வந்து, அந்தச் சாவுகளுக்கு வாலி காரணமில்லை என்று மாற்றி எழுதவேண்டியிருந்தது.

அப்போ ஈவென்ட்டே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1985ன் ‘க்ரைசிஸ்’ கதையில் பாரி ஆலன் உலகைக் காப்பாற்றி இறந்தார். அது அவரது குணத்துக்குப் பொருந்திய முடிவு. அதனால்தான் வாலி ஃப்ளாஷ் ஆக முடிந்தது. பாரி காமிக்ஸுக்கு முழுமையாகத் திரும்பவே 20 வருஷத்துக்கு மேல் ஆனது. ‘சீக்ரெட் வார்ஸ்’ கொடுத்த கறுப்பு உடைதான் பின்னாளில் வெனம் ஆனது.

சிவில் வார் ஓடிய அதே 2006ல், மார்வெலின் விண்வெளிப் பக்கத்தில் ‘அனைலேஷன்’ என்ற ஈவென்ட் நடந்தது. நோவா, ஸ்டார்-லார்ட் மாதிரி பலரும் மறந்துபோன ஹீரோக்களை அது தூசி தட்டி எடுத்தது. 2014ல் படமாக வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ டீம், அதன் தொடர்ச்சியாக 2008ல் உருவானதுதான். அதாவது, யாரும் கண்டுகொள்ளாத கேரக்டருக்கு ஈவென்ட் ஒரு லிஃப்ட். ஏற்கெனவே உச்சியில் இருப்பவருக்கோ, அதே லிஃப்ட் கீழே போகவும் வாய்ப்பு அதிகம்.

எங்கே கோடு போடணும்?

ஹீரோ கஷ்டப்படுவதோ, தோற்பதோ, சாவதோ பிரச்சினை இல்லை. அவர் எடுக்கும் முடிவு அவருடையதாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே முடிவை அந்த ஹீரோ தன் சொந்த மாத இதழில், உலக அழிவோ பரபரப்போ இல்லாமல் எடுத்திருந்தால் வாசகர் நம்பியிருப்பாரா? பாரியின் தியாகம் இதில் பாஸ். நண்பனின் சாவுக்குப் பிறகும் பின்வாங்காத டோனி ஃபெயில்.

வாசகர் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவது சண்டையை மட்டுமல்ல, தனக்குத் தெரிந்த ஒருவரை மறுபடி சந்திப்பதற்கும்தான். அந்த ஆளையே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டு, ‘அடுத்த ஈவென்ட் இன்னும் பெருசு’ என்று விளம்பரம் செய்தால், யாருக்காக அதை வாங்குவது?