ஆறு மணி வரைக்கும் என்ன செய்வான்?

போன வாரம் மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டிட்டிருந்தப்ப கரண்டு போயிடுச்சு. மோட்டார் ரூம்ல உக்காந்து போன்ல ஒரு போலந்துப் படம் பாத்தேன்ங்க. மகள் அனுப்பி வெச்சது. கீழே ஓடுற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், மீதிய ராத்திரி அவகிட்டக் கேட்டுக்கிட்டேன். பேரு 'பெண்ட்லா'. சுருக்குக் கயிறுன்னு அர்த்தமாம். 1958-ல வந்த கறுப்பு வெள்ளைப் படம். மாரெக் ஹ்வாஸ்கோவோட சிறுகதைய வோய்ச்செக் ஹாஸ் எடுத்திருக்கார்.

கூபான்னு ஒரு குடிகாரன். சாயங்காலம் ஆறு மணிக்கு கிறிஸ்டினா வந்து அவனை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும், குடியை நிறுத்துற மருந்துக்கு. இப்ப மணி காலை எட்டு. அவன் வீட்டுல தனியா இருக்கான். ஜன்னலுக்கு வெளியே தெருவுல ஒரு கடிகாரம். அப்புறம் போன் அடிக்க ஆரம்பிக்குது. நிறுத்தப் போறான்னு சேதி பரவிடுச்சு. கூப்பிடறவங்க எல்லாம் நல்லது நினைக்கிறவங்கதான். ஆனா ஹோலோபெக் (கூபாவா நடிச்சவர்) முகத்தைப் பாக்கணுமே! ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஆள் சுருங்கிப் போறார். கடைசியில வெளியே கிளம்பிடறான். அடிதடி, போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் மதுக்கடை.

குடி கெடுதல்னு காட்டுற படம்னு சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அது கூபாவுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும். அந்தப் பத்து மணி நேரத்தை எப்படிக் கழிக்கறதுன்னுதான் தெரியல.

நான் நிறுத்தி ஒன்பது வருஷம் ஆச்சு. முதல் வாரம் டீக்கடைக்குப் போகவே பயம். "விட்டுட்டீங்களாமே மாமா?"ன்னு கேப்பாங்க. கேக்கறவனுக்கு அது ஒரு தடவை, எனக்கு இருபது தடவை. மறக்க நினைச்சத அவங்களே ஞாபகப்படுத்தினாங்க. என் பங்காளி ஒருத்தர் மட்டும் ஒண்ணுமே கேக்கல. தினமும் கடைக்குப் போற நேரமாப் பாத்து, "சோளத்தட்டு வெட்டணும், வாப்பா"ன்னு கூப்பிடுவார். அவருக்கு இருந்தது ரெண்டே மாடு. அத்தனை தட்டு எதுக்குன்னு அப்ப எனக்குத் தோணல.

கடைசியில கூபா உயிரோட இல்லை. அந்த முடிவு எனக்குப் பிடிக்கலை, ரெண்டு நாள் மனசு சரியில்ல. கிறிஸ்டினாவக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா காலையில கூட ஒரு ஆளை விட்டுட்டுப் போயிருக்கலாம்.

எங்க தெருவுல ஒரு பையன் இந்த வாரம் நிறுத்தியிருக்கான். பேரு வேண்டாம். நாளைக்கு மஞ்சக்காட்டுல களை வெட்ட வரச் சொல்லியிருக்கேன், ஏழு மணிக்கே. களை அவ்வளவா இல்லீங்க.