அசல் எது? நகல் எது?

இணையத்தில் கடை வைத்திருக்கும் சிறு வியாபாரிகளை ஒரு பயம் பிடித்து ஆட்டுகிறது.

"ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் தண்டித்துவிடும். பிறகு உன் கடை யார் கண்ணிலும் படாது" என்பதுதான் அந்தப் பயம்.

இந்தப் பயத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் தளத்துக்குத் தண்டனை விழுந்திருக்கிறது. பணம் கொடுங்கள், நீக்கித் தருகிறோம்" என்று வலிய வருகிறார்கள். ஊறுகாய் விற்றும் சேலை விற்றும் நாலு காசு சேர்த்த குடும்பம், அதை இவர்களிடம் கொடுத்துவிட்டு வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறது.

உண்மை என்ன?

ஒரு தளத்துக்குள் ஒரே பக்கம் இரண்டு மூன்று முறை வந்துவிட்டது என்பதற்காகத் தண்டனை கிடையாது. இதை நாமாகச் சொல்லவில்லை. கூகுளே 2008-ம் ஆண்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

தண்டனை இல்லை என்பதால் நட்டமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நட்டம் உண்டு. அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால், அடைக்கும் வழியும் தெரிந்துவிடும்.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது? நீங்கள் "எள்ளுருண்டை" என்று தட்டியதும், கூகுள் அந்த நொடியில் உலகமெல்லாம் ஓடிப் பார்ப்பதில்லை. அது முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறது. பெரிய புத்தகங்களின் கடைசியில் சொல் அட்டவணை இருக்குமே, அதுபோல. நாம் கேட்டதும் அந்த அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்கிறது.

அப்படிப் படித்துக்கொண்டு போகும்போது, பார்த்த பக்கமே திரும்பத் திரும்ப வந்தால்? அவற்றை ஒரு கட்டாகக் கட்டி, அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. மற்றவை பின்னால் போய்விடுகின்றன. இது நியாயந்தான். ஒரே செய்தியைப் பத்துப் பக்கத்திலும் அச்சடித்தால், அந்தப் பத்திரிகையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

இணையத்தில் உள்ள எழுத்தில் 100-க்கு 25 முதல் 30 பங்கு இப்படித் திரும்ப வருவதுதான் என்று கூகுளில் அப்போது பணியாற்றிய மாட் கட்ஸ் 2013-ம் ஆண்டில் சொன்னார். அத்தனை பேரையும் தண்டிப்பதானால் இணையத்தில் பாதிக் கடையை மூட வேண்டியதுதான்!

சரி, இரண்டு பக்கமும் ஒன்று என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது?

இதற்கு ஆண்ட்ரே பிராடர் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1997-ம் ஆண்டில் ஓர் அருமையான வழி சொன்னார்கள். அப்போது "ஆல்டாவிஸ்டா" என்ற தேடுபொறி பெயர் பெற்று விளங்கியது. அதற்காகத் திரட்டிய 3 கோடிப் பக்கங்களை வைத்து அவர்கள் சோதித்தார்கள்.

வழி இதுதான். "அம்மா சுட்ட பணியாரம் மிகவும் ருசியாக இருந்தது" என்று ஒரு வாக்கியம். இதில் முதல் 4 சொற்கள் ஒரு துண்டு. ஒரு சொல் தள்ளி, "சுட்ட" என்பதிலிருந்து 4 சொற்கள் அடுத்த துண்டு. பிறகு "பணியாரம்" என்பதிலிருந்து ஒரு துண்டு. கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல, துண்டுகளும் ஏறி நிற்கின்றன. கூரை ஓட்டின் பெயரையே ஆங்கிலத்தில் இந்த முறைக்கும் வைத்துவிட்டார்கள். "ஷிங்கிளிங்" என்கிறார்கள்.

இப்போது ஒருவர் "இருந்தது" என்பதை "இருக்கிறது" என்று மாற்றிவிட்டுத் தம்முடைய வாக்கியம் என்று போடுகிறார். 3 துண்டுகளில் ஒன்றுதான் மாறும். மற்ற இரண்டும் அப்படியே நின்று அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்! ஒரு பக்கம் முழுவதும் இப்படித் துண்டு போட்டால் நூற்றுக்கணக்கில் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லை மாற்றுகிறவர் தப்ப முடியாது. இன்று இதைவிடக் கூர்மையான வழிகளும் வந்துவிட்டன. சொல்லை மாற்றித் தரும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நட்டத்துக்கு வருவோம்.

பிறர் யாரும் திருட வேண்டியதில்லை. நம் கடையே நமக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. 2009-ம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் இதை ஒரு மிட்டாயை வைத்து விளக்கியது. சிவப்பு நிறத்தில், மீன் வடிவத்தில் இருக்கும் மிட்டாய். அதன் பெயர் "ஸ்வீடிஷ் ஃபிஷ்".

இணையக் கடையில் அந்த மிட்டாய்க்கு ஒரு முகவரி இருக்கிறது. "மெல்லும் மிட்டாய்கள்" என்ற பிரிவின் வழியாக உள்ளே வந்தால், முகவரியின் வாலில் பிரிவின் பெயரும் ஒட்டிக்கொள்கிறது. வந்தவர் யார் என்று கணக்கு வைப்பதற்காகக் கடை ஓர் எண்ணைச் சேர்த்தால், அது மூன்றாவது முகவரி ஆகிவிடுகிறது. மனிதன் கண்ணுக்கு ஒரே மிட்டாய். இயந்திரத்தின் கண்ணுக்கு மூன்று பக்கங்கள்!

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். பிற தளங்கள் நம் பக்கத்துக்குத் தரும் இணைப்பை ஒரு சிபாரிசாகக் கூகுள் எடுத்துக்கொள்கிறது. லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவரும் கூகுளைத் தொடங்கியதே இந்த எண்ணத்தை வைத்துத்தான். 10 பேர் சிபாரிசு செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி மூன்றாக இருந்தால், சிபாரிசும் 4, 3, 3 என்று சிதறிப்போகும். மூன்றும் ஒன்றுதான் என்று இயந்திரம் தானாகக் கண்டுகொண்டால் பிழைத்தோம். இல்லையேல், பக்கத்துக் கடைக்காரர் 5 சிபாரிசை வைத்துக்கொண்டு நமக்கு முன்னால் போய் நிற்பார்.

முகவரியின் முன்னால் "டபிள்யூ டபிள்யூ டபிள்யூ" இருப்பதும் இல்லாததும் இப்படித்தான். பூட்டு அடையாளம் உள்ள பாதுகாப்பு முகவரியும் பழைய முகவரியும் இப்படித்தான். அச்சடிப்பதற்கென்று தனியாக வைத்த பக்கமும் இதே ரகம்.

இந்தத் தொல்லைக்கு அந்த 2009-ம் ஆண்டிலேயே மருந்து வந்துவிட்டது. கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து இதை ஏற்றுக்கொண்டன. ஒருவரையொருவர் முந்தப் பார்க்கிற போட்டிக் கம்பெனிகள்! மிட்டாய் விஷயத்திலாவது ஒற்றுமை வந்ததே.

மருந்து ஒரே ஒரு வரிதான். பக்கத்தின் தலைப்பகுதியில், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல், "இந்தச் சரக்கின் அசல் முகவரி இன்னது" என்று எழுதி வைப்பது. "கெனானிக்கல்" என்று அதற்குப் பெயர். மூன்று பக்கத்திலும் அசல் முகவரியையே எழுதிவிட்டால், சிபாரிசு முழுவதும் அங்கே போய்ச் சேரும். வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை போன்றவற்றில் கடை வைத்தவர்களுக்கு இந்த வரி பெரும்பாலும் தானாகவே வந்துவிடுகிறது. ஆகவே, இதை எழுதித் தருவதற்கென்று யாராவது கட்டணம் கேட்டால், முதலில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால், இந்த வரி கட்டளை அல்ல, குறிப்புதான். அசல் என்று ஒன்றை எழுதிவிட்டு, கடைக்குள் உள்ள இணைப்புகளையெல்லாம் வேறு முகவரிக்குக் கொடுத்து வைத்தால், கூகுள் குழம்பித் தன் இஷ்டப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஒரு முகவரி என்று முடிவு செய்தால் எல்லா இடத்திலும் அதையே எழுத வேண்டும்.

பழைய முகவரி இனித் தேவையே இல்லை என்றால், "301" என்ற குறியீட்டை வைக்கலாம். "இந்த வீட்டில் இருந்தவர் நிரந்தரமாக அந்த வீட்டுக்குப் போய்விட்டார்" என்று கதவில் எழுதி வைப்பதற்குச் சமம். வருகிற ஆளும் இயந்திரமும் தாமே புது வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு தவறான வைத்தியமும் நடமாடுகிறது. நகல் பக்கங்களைக் கூகுள் பார்க்காதபடி கதவைச் சாத்திவிடுவது. இது வேண்டாம் என்று கூகுளே சொல்கிறது. உள்ளே விட்டால்தானே இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியும்? அப்படியே, முகவரி வால்களைக் கவனிக்கும் கருவி ஒன்று கூகுளில் இருந்தது. 2022-ம் ஆண்டில் அதை எடுத்துவிட்டார்கள். அதைத் திருத்தித் தருவதாகச் சொல்கிறவர், பழைய பாடத்தை இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

தமிழில் ஒரு பக்கம், அதே விஷயம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். மொழிபெயர்ப்பு நகல் ஆகாது. இதற்காகத் தமிழ்ப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மில்காரர் அனுப்பிய நாலு வரியையே எல்லாக் கடைக்காரரும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பிறகு, "என் கடை ஏன் முன்னால் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். நூறு கடையிலும் ஒரே எழுத்து இருந்தால், உங்களை மட்டும் முன்னால் தூக்கிவைக்கக் காரணம் என்ன இருக்கிறது? சேலையின் எடை எவ்வளவு, முதல் தண்ணீரில் சாயம் போகுமா, எந்தக் கரைக்கு எந்த ரவிக்கை எடுப்பாக இருக்கும் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரரின் மனைவிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்! அதை எழுதலாமே.

இதுவரை சொன்னது அறியாமல் வருகிற நகல். தெரிந்தே அடிக்கிற நகலின் கதை வேறு.

பிறர் எழுதியதை வாரிக்கொண்டு வந்து கொட்டி, விளம்பரக் காசு பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் தளங்கள் உண்டு. இங்கே கூகுள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2011-ம் ஆண்டு பிப்ரவரியில் "பாண்டா" என்ற மாற்றத்தைக் கொண்டு வந்தது. நவ்நீத் பாண்டா என்ற எஞ்சினீயரின் பெயர் அது. அமெரிக்காவில் கேட்கப்படும் கேள்விகளில் 100-க்கு 11.8 கேள்விகளின் பதில் வரிசை அதனால் மாறியது. நகலடித்தே வளர்ந்த பல தளங்கள் பின்னால் தள்ளப்பட்டன.

அப்படியும் திருட்டு ஒழியவில்லை. ஒரு குடும்பத்தலைவி அடுப்படியில் நின்று, அளந்து, சுவைத்து, எழுதி வைத்த சமையல் குறிப்பைப் பெரிய தளம் ஒன்று தூக்கிப் போடுகிறது. தேடினால் பெரிய தளம் முன்னால் நிற்கிறது. எழுதியவர் பின்னால் நிற்கிறார். சிபாரிசு அதிகம் உள்ளவருக்கு முதல் இடம் என்ற கணக்கு, இங்கே திருடியவனுக்குத் துணை போகிறது. எழுதியவருக்கு முன்னால் நகல்காரர் நிற்கும் இடங்களைச் சொல்லுங்கள் என்று கூகுளே 2014-ம் ஆண்டில் பொதுமக்களைக் கேட்டது. நோய் இருப்பது அவர்களுக்கும் தெரிகிறது. அப்படியிருக்க, அசலை நிரூபிக்கும் சுமையை எழுதியவர் தலையிலேயே வைப்பது சரியல்ல. எந்தப் பக்கத்தை எந்த நாளில் முதலில் பார்த்தோம் என்ற கணக்கை வைத்திருப்பது கூகுள்தான். அந்தக் கணக்கை எழுதியவருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கிறோம்.

அதுவரை எழுதியவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதிய உடனேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூகுளிலும் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. நம் முகவரி, நகல் இருக்கும் முகவரி இரண்டையும் தெளிவாகக் குறித்து அனுப்ப வேண்டும். நாமே விரும்பி ஒரு பெரிய தளத்துக்கு எழுத்தைக் கொடுத்திருந்தால், அவர்கள் பக்கத்தில் "நோஇன்டெக்ஸ்" என்ற குறிப்பை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அட்டவணையில் சேர்க்காதே என்பது அதன் பொருள்.

கடைசியாக, வலிய வருகிற அந்த ஆட்களின் விஷயம். "கூகுள் சர்ச் கன்சோல்" என்று ஒன்று இருக்கிறது. தளத்தின் சொந்தக்காரருக்கு இலவசம். எந்த முகவரியை நாம் அசல் என்று சொன்னோம், எதைக் கூகுள் அசலாக எடுத்துக்கொண்டது என்ற இரண்டையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். கூகுளின் ஊழியர்கள் ஒரு தளத்தின்மீது நடவடிக்கை எடுத்திருந்தால், அதையும் தனி இடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். இனி, "உங்களுக்குத் தண்டனை விழுந்திருக்கிறது" என்று எவராவது வந்தால், அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அந்த இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.