மணிமேகலையில் நாம் தள்ளிவிடும் இரண்டு காதைகள்

மணிமேகலை என்றதும் அமுதசுரபியையும் ஆதிரை இட்ட பிச்சையையும் சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதையும் பேசுகிறோம். காப்பியத்தின் இறுதிப் பகுதிக்கு வந்ததும் ‘இது சமயத் தருக்கம், இலக்கியச் சுவை குறைவு’ என்று சொல்லிப் பக்கங்களைத் தள்ளிவிடுவது தமிழ் வகுப்பறைகளில் பழகிப்போன ஒன்று. அப்படித் தள்ளப்படும் 29, 30ஆம் காதைகளில்தான் மொழி குறித்த பௌத்தச் சிந்தனை தமிழிலேயே பேசப்பட்டிருக்கிறது.

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் அளவைகள் இரண்டே: காண்டல், கருதல். காண்டல் என்பது வெறும் சுட்டுணர்வு. பெயர், சாதி, குணம், தொழில் ஆகியவை கருதலின் பாற்பட்டவை. கண் காண்பதை ‘மரம்’ என்றும் ‘பச்சை’ என்றும் கொள்வது மனம் பின்னர்ச் செய்யும் வேலை. இது திக்நாகரின் தருக்க நெறி. அவர் காஞ்சியை அடுத்த பகுதியில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. ஒரு சொல் பிறவற்றை விலக்கியே தன் பொருளை உணர்த்துகிறது என்பது அவருடைய அபோகக் கொள்கை. மொழியில் இருப்பவை வேறுபாடுகளே என்ற சசூரின் கருத்தை மேலைக் கோட்பாட்டு நூல்கள் வழியே கற்ற நமக்கு, இந்த அயல்வீட்டுச் சிந்தனை இன்னும் அறிமுகமாகவில்லை.

30ஆம் காதை வழக்குகளைப் பகுத்துக் காட்டுகிறது. உடம்பு, நாடு போன்றவை பலவற்றின் தொகைக்கு இட்ட பெயர்கள். நாள் பல கூடியதைத் திங்கள் என்கிறோம். எழுத்துப் பல கூடியதைச் சொல் என்கிறோம். சொல்லே ஒரு தொகுப்பு என்று சொல்லால் உணர்த்தும் இந்த இடம் வியப்புக்குரியது. நாம் வாழும் நாவலூரையே எடுத்துக்கொள்வோம். ஏரி, பழைய தெருக்கள், அடுக்ககங்கள், கணினி நிறுவனங்கள் ஆகியவற்றுள் எதைச் சுட்டி ‘இதுதான் நாவலூர்’ என்போம்? பெயரின்றிப் பேருந்து ஏற இயலாது. ஆனால் பெயரையே பொருளென நம்பிவிட்டால், ஒரு மனிதனைக் காணும் முன்பே அவன் மீது சாதிப்பெயரையும் மதப்பெயரையும் ஏற்றிவிடுகிறோம். இன்றைய பூசல்கள் பலவற்றின் வேர் இதுவே.

அதே காதை விடை கூறும் முறைகள் நான்கு என்கிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது கெடுமா என்றால் கெடும் என்று துணிந்து சொல்லலாம். செத்தவன் பிறப்பானா என்றால் பற்று உடையவனா, அற்றவனா என்று கூறிட வேண்டும். முட்டை முந்தியதா, பனை முந்தியதா என்றால் எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆகாயப்பூ பழையதா, புதியதா என்பவனிடம் பேசாதிருப்பதே விடை. எல்லா வினாவுக்கும் ஆம், இல்லை என்று உடனே கட்சி பிரியும் நம் காலத்தில், மௌனத்தையும் விடையாக ஏற்ற இலக்கணம் பெரிது.

இக்காதைகள் கடினம் என்பர். 29ஆம் காதையின் ஏதுப் போலி, திட்டாந்தப் போலிப் பட்டியல்கள் கடினமே. அவை வடமொழித் தருக்க நூல் மரபைத் தழுவியவை. ஆயினும் 30ஆம் காதையின் எடுத்துக்காட்டுகள் வித்தும் முளையும் பனையும்தான். அவற்றை எந்த மாணவருக்குப் புரியாது?

உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்தம் அறியாமல் இந்நூல் விளங்காது என்று உணர்ந்து அச்சமயச் செய்திகளையும் திரட்டிச் சேர்த்தார். அந்த உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, கதையோடு நிறுத்திக்கொள்ளாமல் 30ஆம் காதைக்கு இரண்டு வகுப்புகளேனும் ஒதுக்குவது.