மிதிவண்டி எடை பார்ப்பதில்லை

“உடம்பைக் குறைக்கச் சைக்கிள் ஓட்டு” என்னும் அறிவுரையைக் கேட்காத பருத்த உடலினர் இன்று நம் ஊரில் எவரும் இருக்கமாட்டார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சொல்தான். ஆயினும் இந்த நல்லெண்ணமே பலரை மிதிவண்டியிலிருந்து இறக்கிவிடுகிறது என்பது என் துணிபு. அதைச் சற்று விளக்கமாகவே எழுத விரும்புகிறேன்.

மதுரைக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு நிலத்தால் அமைந்தது. யானைமலை, நாகமலை, பசுமலை, அழகர்மலை என்று சுற்றிலும் மலைகள் பெயர்சொல்லி நின்றாலும், சாலைகள் பெரும்பாலும் அவற்றை ஒதுங்கியே செல்கின்றன. திருப்பரங்குன்றத்துக்கு எட்டுக் கிலோமீட்டர். அழகர்கோவிலுக்கு இருபதுக்குச் சற்று மேல். எங்கும் சமவெளி. ஆடி மாதத்தில் உசிலம்பட்டிச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்பவனுக்கு எதிர்க்காற்று ஒன்றே பகை. இந்தச் சமவெளியில்தான் வாழையிலைக் கட்டும் கீரைக் கட்டும் மல்லிகைப் பூக்கூடையும் கேரியரில் ஏறி விடியுமுன் நகருக்குள் வந்தன. பக்கத்துக்கு ஒன்றாக இருபது லிட்டர்க் கேன் இரண்டைத் தொங்கவிட்டால் பால் மட்டுமே நாற்பது கிலோவுக்கு மேல். ஓட்டுபவரின் எடை வேறு. அப்பழைய கறுப்பு வண்டியின் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. பின்னே எட்டுக் கம்பி கூடுதலாக வைத்தவர்கள், அது சுமை தாங்கப் போவதை அறிந்தே வைத்தார்கள்.

இன்று பால்காரர் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டார். ஆனால் கணவன் மிதிக்க, மனைவி கேரியரில் அமர, குழந்தை முன்கம்பியில் துண்டின்மேல் உட்கார்ந்து சென்ற காலத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். காவலர் கண்ணில் பட்டால் ‘டபுள்ஸ்’ போனதற்கு அபராதம் உண்டு. மொத்தம் எத்தனை கிலோ என்று மட்டும் எவரும் கேட்டதில்லை.

அந்நாளைய கிராமங்களில் நிற்காமல் மிதிவண்டி ஓட்டும் வித்தை ஒன்று நடந்தது. ஊர் மந்தையில் கம்பம் நட்டு, குழல்விளக்குக் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, ஒருவர் நாள்கணக்கில் காலைத் தரையில் ஊன்றாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். உண்பதும் வண்டிமேல், குளிப்பதும் வண்டிமேல். ஓடும் வண்டியிலிருந்து குனிந்து, தரையில் கிடக்கும் ரூபாய்த்தாளை எடுப்பார். மாலையானால் ஆட்டமும் பாட்டும். மார்பில் குழல்விளக்கு உடைக்கும் சாகசமும் உண்டு. (இதைக் கண்டு பயந்து அழுததாக என் அம்மா இன்றும் சொல்வார்.) ஊரார் அவர் சட்டையில் ரூபாய்த்தாளைக் குத்தி அனுப்பினார்கள். தாக்குப்பிடித்தார் என்பதற்குத்தான் அந்தப் பரிசு. வயிறு ஒட்டியிருந்ததற்காக அன்று. அது ஒட்டியிருந்ததன் காரணமும் பல ஊர்களில் வறுமைதானே!

உடலைப் பற்றிப் பேசுவதில் நமக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. முன்பு “என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?” என்றார்கள். பஞ்சம் கண்டவர்களின் கவலை அது; மெலிவு என்றால் நோய் அல்லது பட்டினி; பூசினாற்போல் இருப்பது வீட்டின் செழிப்புக்குச் சான்று. இன்று அளவுகோல் தலைகீழாகிவிட்டது. நாக்கு மட்டும் அதே நாக்கு. திரைப்படம் இதற்கு நெய் வார்த்தது. உசிலம்பட்டியின் பெயரைத் தாங்கிய உசிலைமணி பருமனாக வந்து நின்றாலே சிரிப்பு. ஓமக்குச்சி நரசிம்மன் மெலிந்து வந்து நின்றாலே சிரிப்பு. அவ்விருவரும் தேர்ந்த நடிகர்கள் என்பதைப் பார்த்தவர் எத்தனை பேர்?

என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் அவளுக்கும் வண்டி கிடைத்தது. ஊருக்கும் பள்ளிக்கும் இடையே ஆறு கிலோமீட்டர். அவள் பருத்த உடலினள். டீக்கடை பெஞ்சிலிருந்து தினமும் ஒரு குரல் வரும்: “பாத்தும்மா, டயரு வெடிச்சிரப் போகுது!” வீடு திரும்பினால் அத்தையின் குரல்: “ஓட்டுத்தா, ஓட்டு. அப்பயாச்சும் உடம்பு கொஞ்சம் வத்தும்.” ஒன்று ஏளனம், மற்றது பாசம். இரண்டும் அவள் காதில் ஒன்றாகவே விழுந்தன. சக்கரத்தைச் சுற்றும்போதெல்லாம் தன் உடம்பே ஊரின் முன்னால் ஓடுவதாகத் தோன்றும் என்பாள். நாற்பது கிலோ பாலும் அறுபது கிலோ மனிதருமாக நூறு கிலோ போன அதே சாலை, புத்தகப் பையோடு போன ஒரு பெண்ணுக்கு டயர் வெடிக்கும் என்று பயமுறுத்தியது!

கல்லூரியில் சேர்ந்ததும் பேருந்துக்கு மாறினாள். வண்டி தம்பிக்குப் போயிற்று. நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அது பெரும் உதவி, மறுக்கவில்லை. ஆனால் மாலை நான்கரை மணிப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதை ஓட்டுநரும் அறியார். ஆகவே நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார அவளால் முடிவதில்லை. சிறப்பு வகுப்புக்கு நிற்க முடிவதில்லை. வண்டி போனபோது அவளிடமிருந்து போனது அந்த அரை மணி நேரந்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான காட்சியை 1990களின் தொடக்கத்தில் நாடு கண்டது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டியும் கற்பித்தார்கள். 1992 மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய வண்டிகளில் புதுக்கோட்டை வீதிகளில் சென்றதைப் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே ஆண்கள் ஓட்டும் வண்டியை விரும்பிய பெண்களும் உண்டாம். கேலி அவர்களுக்கும் இருந்தது. ஆனால் தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பேருந்துக்காகக் காத்திராமல் வீடு திரும்பவும் வண்டி பயன்பட்டது. இளைப்பதற்கென்று அவர்களை யாரும் ஏற்றிவிடவில்லை, போவதற்காக ஏறினார்கள்.

எடை மிகுந்தால் நோய் வராதா என்று கேட்பீர்கள். வரும். நம் மக்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த பருமனிலேயே சர்க்கரை நோய் தலைகாட்டுகிறது என்று மருத்துவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கணக்கை மட்டும் சரியாகப் போடுவோம். நடுத்தர வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் ஏறத்தாழ 400 கலோரி செலவாகலாம். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதை வட்டியோடு திருப்பித் தந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். அதாவது இருபது மணி நேர மிதிப்பு. இளைக்கவேண்டும் என்று மட்டும் ஏறியவர் பதினைந்து நாளில் எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறி, முள் நகராதது கண்டு, வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுகிறார். எடை குறையாவிட்டாலும் இதயம் வலுப்பெறும். இன்சுலின் உடம்பில் நன்கு வேலை செய்யும். இவை அந்த முள்ளில் தெரிவதில்லை.

இப்போது ஞாயிறு காலைகளில் அழகர்கோவில் சாலையில் தலைக்கவசம் அணிந்து, கியர் வண்டிகளில் குழுவாகச் செல்வோரைக் காண்கிறோம். மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் டீ குடிக்க நிற்கும் இடத்தில் காதைத் தீட்டினால், வண்டியின் எடையும் ஆளின் எடையுமே பேச்சாக இருக்கிறது. யார் எத்தனை கிலோ இறக்கினார் என்பதே பாராட்டு. ஏற்றத்தில் எடை இழுக்கும், உண்மை. மேலூர்ச் சமவெளியில் அந்த வேறுபாடு எதிர்க்காற்றின் முன் மிகச் சிறிது. நெடுந்தூரப் பயணத்தின் தந்தையாகக் கருதப்படும் பிரான்சு நாட்டு பால் தெ விவி (1853-1930), ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் பயணிகளுக்கு ஏழு அறிவுரைகள் வகுத்தார். பசிக்குமுன் உண்ணவேண்டும், தாகத்துக்குமுன் குடிக்கவேண்டும், வீம்புக்காக மிதிக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. மெலியவேண்டும் என்பது அவற்றில் இல்லை. அவர் வழியில் வளர்ந்த நெடும்பயணங்கள் இன்று இந்தியாவிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முதலாமவர் என்று எவரையும் அறிவிப்பதில்லை.

நம் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டியை நாம் அறிவோம்: கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியில் வருபவரே வெற்றி பெறுபவர். அங்கே வேண்டியது நிதானமும் கைப்பழக்கமும். அதை மாணவியருக்கும் நடத்தவேண்டும். சொந்த வண்டி இல்லாதவர் பிறர் வண்டியில் ஓட்டலாம். பெயர்ப் பட்டியலில் பெயர், வகுப்பு, பிரிவு இருந்தால் போதும். மிதிவண்டிக் கொட்டகையில் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் வைத்தால் நன்று. இப்போது காற்றடிக்க அரைக் கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது. தோழியிடம் போட்டியைப் பற்றிச் சொன்னேன். தம்பி வண்டியைத் தருவானா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.