நின்றவர்கள், படுத்தவர்கள்

ஜப்பான், மினோ மாகாணத்தின் குஜோ சீமை. ஹோரேகி 8ஆம் ஆண்டுத் (1758) தீர்ப்புக்குப் பின், ஒரு குடியானவப் பெண்.

பெட்டியை வைத்தது யார் ஐயா, நாங்களா? குறையிருந்தால் எழுதிப் போடுங்கள் என்று ஷோகன் யோஷிமுனே எடோவில் வைத்த பெட்டிதானே அது? எங்கள் ஆட்கள் மலையும் பனியும் தாண்டிப் போய்ப் போட்டார்கள். அதற்கா இந்தக் கூலி?

எங்கள் பிரபு கனமோரி யோரிகானேவுக்கு எடோவில் பெரிய பதவி. பதவிக்கு ஏற்ற செலவு, செலவுக்கு ஏற்ற கடன். அதை அடைக்க ஹோரேகி 4இல் ஒரு வரித் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதுவரை வருஷத்துக்கு இவ்வளவு என்று நிலையான வரி. அதற்கு மேல் விளைந்தால் எங்கள் பானைக்கு. என் மாமனார் சரிவைக் கொத்தி, கல் பொறுக்கி, ஒரு துண்டு வயல் உண்டாக்கினார். பிள்ளைகள் பிழைத்தது அந்த மிச்சத்தில்தான். இனி அறுப்புக்கு முன் அதிகாரி வந்து கதிரைக் கணக்கெடுத்து வரி போடுவாராம். பிரபு பட்ட கடனுக்கு என் மாமனார் கொத்திய மண்ணா ஈடு?

கோட்டை முன் திரண்டோம். மூத்த அதிகாரிகள் குறை தீர்ப்பதாக எழுதியே கொடுத்தார்கள். மறுவருஷம் ஷோகனின் அதிகாரியே ஊர்த்தலைவர்களைக் கசமட்சுவுக்கு அழைத்து, மிரட்டிச் சம்மதம் வாங்கினார். எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு.

தலைவன் யாரென்று தெரியக்கூடாதென்று, நாங்களும் குடைக்கம்பி மாதிரி வட்டமாகப் பெயர் எழுதினோம். துணிந்தவன் ‘நின்றவன்’, ஒதுங்கியவன் ‘படுத்தவன்’. என் கூடப் பிறந்த தம்பி படுத்தவன். அவன் வீட்டில் இன்று அடுப்பு எரிகிறது. அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது தீர்ப்பு. பிரபுவின் சீமை பறிபோனது. மூத்த அமைச்சர் ஒருவருக்கே பதவி போயிற்று. அப்படியானால் தப்பு உங்கள் பக்கம்தானே? பின் ஏன் எங்கள் ஆட்கள் நாலு பேரின் தலையை வெட்டிப் பார்வைக்கு வைத்தீர்கள்? கூட்டம் சேர்ந்தது குற்றமாம். தனியாக வந்திருந்தால் வாசல் திறந்திருப்பீர்களா?

என் வீட்டுக்காரர் தீர்ப்பைக்கூடக் கேட்கவில்லை. விசாரணைக்கென்று எடோவுக்குக் கொண்டுபோனவரைச் சிறையே தின்றுவிட்டது. சேதி வந்தது, உடம்பு வரவில்லை.

வரியைப் பற்றி இனி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் ஐயா. அவரை எங்கே புதைத்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.