ஐந்தாம் சக்கரத்துக்கு வந்த ஜலதோஷம்

"ஒரு வருஷம் வாரண்டி உண்டு அம்மா, கவலையே வேண்டாம்!"

கடைக்காரர் இப்படிச் சொன்னதும் நமக்கு உச்சி குளிர்ந்து போகிறது. சீட்டை வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைக்கிறோம். எந்த அலமாரி என்பது மட்டும், சாமான் கெட்டுப் போகிற அன்றைக்கு மறந்து விடுகிறது! இது நம் வீட்டுச் சமாசாரம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற ஆண்டு அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டு அம்மாள் ஒரு வாரண்டிச் சீட்டோடு மல்லுக்கு நின்ற கதையைக் கேளுங்கள்.

அந்த அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அவரும் அவருடைய கணவரும் பல வருஷம் மிச்சம் பிடித்து, ஒரு நகரும் வீடு வாங்கினார்கள். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் வண்டி வீட்டைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இது அதற்கு அண்ணன். முன்பக்கம் மாடி போல் உயர்ந்து, பிக்கப் டிரக்கின் முதுகில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'பிப்த் வீல்', அதாவது ஐந்தாம் சக்கரம் என்று இதற்குப் பெயர். நாலு சக்கரக் குதிரை வண்டிகள் திரும்புவதற்காக முன் அச்சின் மேல் படுக்கை வசமாக ஒரு வளையம் வைப்பார்கள். தரையைத் தொடாத அந்தச் சக்கரத்தின் பெயர்தான் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

உள்ளே போய்ப் பார்த்தேன். படுக்கை அறை, சமையல் அறை, குளியல் அறை எல்லாம் கச்சிதம். ஒரு பொத்தானை அமுக்கினால் கூடத்துச் சுவர் வெளிப்பக்கம் நகர்ந்து இடம் பெரிதாகிறது! நம் ஒண்டுக் குடித்தனங்களுக்கு இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மார்ச்சில் வண்டி வந்தது. ஜூனில் பேத்தியை அழைத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் போவதாக ஏற்பாடு. ஆகஸ்டில் அந்தப் பெண் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள். அதற்கு முன் பாட்டியும் தாத்தாவும் அவளோடு கழிக்க இருந்த கடைசிக் கோடை அது.

ஏப்ரலில் முதல் மழை பெய்தது. நகரும் சுவரின் மேல் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர்! இரண்டே நாளில் தரைப் பலகை அப்பளமாய் உப்பிவிட்டது.

"வாரண்டிதான் இருக்கிறதே" என்று தைரியமாக விற்ற இடத்துக்குப் போனார்கள். "ஐந்து வாரம் கழித்துக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். வசந்த காலத்தில்தான் எல்லோரும் வண்டியை வெளியே எடுக்கிறார்கள். எல்லோருடைய கோளாறும் அப்போதுதான் தெரிகிறது.

மே மாதம் வண்டியை ஒப்படைத்தார்கள். பிறகுதான் விஷயம் புரிந்தது. வாக்குக் கொடுத்தவர் வண்டியைத் தயாரித்தவர். வேலை செய்ய வேண்டியவர் விற்றவர். விற்றவர் படம் எடுத்து அனுப்பி, தயாரித்தவரின் சம்மதம் வாங்க வேண்டும். இத்தனை மணி நேர வேலை என்று அவர் ஒப்புக்கொண்ட அளவுக்குத்தான் கூலி. அப்புறம் உதிரிப் பாகம் வர வேண்டும். கைமேல் காசு கொடுக்கும் வாடிக்கைக்காரர் வாசலில் நிற்கும்போது, இந்த வேலை பின்னுக்குப் போவதில் ஆச்சரியம் என்ன?

இதில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் தயாராகும் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை இதே இந்தியானாவின் எல்க்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகின்றன. கடலோரத்தில் குடியிருந்துகொண்டு உப்புக்கு அலைந்த கதைதான்!

அதற்குள் குளிர்ப்பெட்டியும் மக்கர் செய்தது. "அது எங்கள் பொறுப்பல்ல, குளிர்ப்பெட்டி செய்த கம்பெனியைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தால் வாஸ்தவம்தான். அடுப்புக்கு ஒரு கம்பெனி, டயருக்கு ஒரு கம்பெனி, குளிர்சாதனத்துக்கு ஒரு கம்பெனி. கல்யாண வீட்டில் பந்தலுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர், மேளத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக அச்சாரம் கொடுப்பது போல, ஒரே வீட்டுக்குள் அத்தனை வாரண்டிகள்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. திரும்பத் திரும்ப ரிப்பேராகும் புது வண்டியை மாற்றித் தர வேண்டும் என்ற சட்டத்தை 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டு வந்தது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் பல மாநிலங்களில் அது மோட்டார் வாகனங்களுக்குத்தான். "எங்கள் வண்டிக்கு எஞ்சின் இல்லையே, அதுதான் அது செய்த பாவம்!" என்றார் கணவர்.

தேசம் முழுமைக்கும் 1975-ல் வந்த மாக்னுசன்–மாஸ் வாரண்டிச் சட்டம் ஒன்றும் உண்டு. வாரண்டி கொடுத்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. எழுத்தில் கொடுத்தால் புரியும்படி எழுத வேண்டும். முழு வாரண்டியா, வரம்புக்குட்பட்டதா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும். வாங்குமுன் படித்துப் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அந்த அம்மாளும் படித்தார், வாங்கின பிறகு! அவருடையது வரம்புக்குட்பட்டது. கூரை இணைப்புகளில் பூசிய பசையைக் குறித்த காலத்தில் பரிசோதிக்காவிட்டால் வாரண்டி செல்லாது. வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தாலும் செல்லாது. பட்டறைக்கு இழுத்துப் போகும் செலவு சொந்தக்காரருடையது.

ஜூன் வந்தது, போயிற்று. வண்டி பட்டறை முற்றத்தில் நின்றது. பேத்தி, "பரவாயில்லை பாட்டி" என்றாளாம். "அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது" என்றார் அம்மாள்.

அன்று இரவு அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்ட கை அல்லவா? எந்தத் தேதி, யாரிடம் பேசினோம், அவர் என்ன சொன்னார், எல்லாம் ஏறியது. ஒவ்வொரு டெலிபோன் பேச்சுக்குப் பிறகும், "இன்று தாங்கள் சொன்னது இதுதானே?" என்று ஒரு கடிதம் அனுப்பினார். 'வண்டி ஒழுகுகிறது' என்று மொட்டையாக எழுதாமல், 'மழை ஆரம்பித்து இருபது நிமிஷத்தில், கூடத்துச் சுவரின் இடது மேல் மூலையில்' என்று எழுதினார். கூடவே தேதியிட்ட படங்கள். முக்கியமாக, வாரண்டி காலத்துக்குள்ளேயே இந்தக் குறை தெரிவிக்கப்பட்டது என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டார். ரிப்பேர் இழுத்துக்கொண்டே போய் வருஷம் முடிந்துவிட்டால், அந்தக் காகிதம்தான் பேசும்.

ஜூலைக் கடைசியில் வேலை முடிந்தது. உப்பின தரையையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அம்மாள் உடனே கையெழுத்துப் போடவில்லை. "ஒரு ரப்பர் குழாய் கொண்டு வாருங்கள்" என்றார். கூரை மேல் அரை மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே நாற்காலி போட்டு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாராம்! ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அப்புறம்தான் பேனாவைத் திறந்தார்.

"நான் செய்த தப்பு இரண்டு" என்று என்னிடம் சொன்னார். "வண்டி வாங்கின அன்றைக்கே இந்தத் தண்ணீர்ப் பரீட்சை வைத்திருக்க வேண்டும். குழாய், அடுப்பு, விளக்கு, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது, உதிரிப் பாகம் வந்து சேருமுன் வண்டியைப் பட்டறையில் விட்டது. ஒழுகும் மூலையைத் தற்காலிகமாக மூடச் சொல்லி வீட்டிலேயே வைத்திருந்தால், ஜூன் மாதம் எங்கள் கையை விட்டுப் போயிருக்காது."

செப்டம்பரில் தம்பதிகள் இருவர் மட்டும் யெல்லோஸ்டோன் புறப்பட்டார்கள். நானும் வாசலில் நின்று வழியனுப்பினேன். நோட்டுப் புத்தகம் டிரக்கின் முன் ஆசனத்தில் இருந்தது. பேத்திக்கு அடுத்த கோடை விடுமுறை எப்போது என்று அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார் பாட்டி.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தச் சீட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடி எடுத்து, பொடி எழுத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். மழை வருவதற்குள்!