பெற்றோருக்குச் சேரவேண்டிய கணக்கு

ஒரு தொடக்கப் பாடசாலையில் மாதந்தோறும் நடைபெறும் காரியங்களை அங்கே படிக்கும் பிள்ளைகளின் குடும்பத்தார்க்கு யார் தெரிவிப்பது, எவ்விதம் தெரிவிப்பது என்ற விஷயம் மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். தலையங்கத்துக்கு உரிய விஷயமா இது என்று கேட்போரும் இருப்பர். நம் அபிப்பிராயம் வேறு. பிரஜைக்கும் சர்க்காருக்கும் உள்ள சம்பந்தம் எத்தன்மையது என்பதை அறிய விரும்புவோர் சட்டசபை விவாதங்களைப் படித்தால் மட்டும் போதாது. மாதக் கடைசியில் பாடசாலையிலிருந்து ஏழையின் வீட்டுக்கு என்ன செய்தி வருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். வருவது உத்தரவா, கணக்கா என்பதே கேள்வி.

திருவல்லிக்கேணியையே எடுத்துக்கொள்வோம். பார்த்தசாரதிப் பெருமாள் சந்நிதியைச் சூழ்ந்த தெருக்கள், வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சார்ந்து வாழும் உருது பேசும் குடும்பங்கள், ஐஸ் ஹவுஸை அடுத்த நடுக்குப்பம், அயோத்திகுப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் எனப் பலதிறப்பட்ட ஜனங்கள் நெருங்கி வாழும் பேட்டை இது. இங்கே வசதியுள்ளவர் தம் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கும் பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர். கட்டணம் செலுத்துகிறவர் என்ற முறையில் அவர்களுக்குத் தினசரிக் குறிப்பும், மாத அறிக்கையும், தேர்வு விவரமும் தவறாமல் வந்து சேர்கின்றன. மீன் விற்பவள், பூக்கட்டுகிறவள், வீட்டு வேலைக்குப் போகிறவள், ஆட்டோ ஓட்டுகிறவன் ஆகியோரின் பிள்ளைகளோ பெரும்பாலும் கார்ப்பொரேஷன் பாடசாலைக்கும், சர்க்கார் உதவிபெறும் பாடசாலைக்கும் செல்கின்றனர். இவர்கள் பணம் கொடாதவர்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி செலுத்துகிறவர்கள் இவர்களே. கையில் கொடுத்த கட்டணத்துக்கு ரசீதும் உண்டு, பதிலும் உண்டு. வரியாகக் கொடுத்த பணத்துக்கு இரண்டும் இல்லை. இந்த வேற்றுமை நியாயமாகுமா?

சட்டம் இதனை நியாயம் என்று சொல்லவில்லை. 2009-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 24-வது பிரிவு உபாத்தியாயரின் கடமைகளை வரிசையாகக் கூறுகிறது. குறித்த நேரத்தில் பள்ளிக்கு வருதல், பாடத்தை உரிய காலத்தில் முடித்தல் முதலியவற்றுடன் ஒரே வரிசையில் இன்னொரு கடமையையும் அது வைத்திருக்கிறது. பெற்றோருடன் ஒழுங்காகக் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் ஆற்றல், கல்வியில் அடைந்த முன்னேற்றம், பிள்ளையைப் பற்றிய மற்ற விவரங்கள் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதே அது. ஆகவே, பாடசாலைச் செய்தியைப் பெறுவது பெற்றோரின் உரிமை. அதைத் தலைமையாசிரியரின் தயவென்று கருதுவது தவறு.

அதே சட்டத்தின் 21-வது பிரிவு, பாடசாலைதோறும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றை நிறுவச் சொல்கிறது. அதன் அங்கத்தினரில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்கவேண்டும்; சரிபாதி பெண்களாக இருக்கவேண்டும்; நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய பங்கு இருக்கவேண்டும். பாடசாலை நடைபெறும் விதத்தைக் கண்காணிப்பதும், அபிவிருத்தித் திட்டம் வகுப்பதும், வந்த மானியம் செலவான வகையைப் பார்ப்பதும் இக்குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இக்குழுக்கள் மாகாணம் முழுவதும் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-ல் மறுபடியும் திருத்தி அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்க்கும் அவற்றில் இடம் தரப்பட்டது. ஏட்டளவில் இதைவிட நல்ல ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. ஆனால் செய்தி அறியாத குழு எதைக் கண்காணிக்கும்? எழுதி முடித்த தீர்மானத்தின் அடியில் கையொப்பமோ கைநாட்டோ இடுவதற்கு மட்டும் அழைக்கப்படும் அங்கத்தினர், குழுவின் பெயரைத் தாங்குகிறாரேயன்றி அதன் அதிகாரத்தைத் தாங்குவதில்லை.

செய்தி இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்ற பெயரில் பாடசாலைகளிலிருந்து கல்வி இலாகாவுக்குக் கணினி வழியாகச் சென்றுகொண்டிருக்கும் விவரங்கள் கொஞ்சமல்ல. பிள்ளைகளின் வருகை, உபாத்தியாயரின் வருகை, மதிப்பெண், சீருடை, புத்தகம் என ஒவ்வொன்றையும் உபாத்தியாயர் பதிவு செய்கிறார். பாடம் நடத்தும் நேரம் இதில் குறைகிறது என்று அவர்கள் முறையிடுவதும் நெடுநாளைய சங்கதி. இவ்வளவு பிரயாசையுடன் சேகரிக்கப்படும் செய்தி யாவும் மேலே போகின்றன. பள்ளி வாயிலுக்கு எதிரே குடியிருக்கும் தாய்க்கு அவற்றில் ஒரு வரியும் வந்து சேர்வதில்லை. தலைமைக் காரியாலயத்தில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிந்த விஷயம் தன் பிள்ளையைப் பற்றியதாயிருந்தும் தாய்க்குத் தெரியாமலிருப்பது எந்த ஜனநாயக தர்மத்துக்கும் பொருந்தாது.

செய்தி வீட்டுக்கு எட்டுவதால் விளையும் நன்மையை உணவுத் திட்டத்தின் சரித்திரத்தில் காணலாம். 1920-ல் சர் பி. தியாகராய செட்டியார் தலைமை வகித்த சென்னைக் கார்ப்பொரேஷன், திருவல்லிக்கேணிக்கு அருகேயுள்ள ஆயிரம்விளக்குப் பாடசாலையில் பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அன்றைய அந்நிய சர்க்கார், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்தல் கூடாதென்று மறுக்கவே, 1925-ல் அது நின்றுபோயிற்று. பிறகு காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவும், எம். ஜி. ராமச்சந்திரன் காலத்தில் 1982-ல் சத்துணவும், 2022-ல் காலை உணவும் வந்தன. 2025 ஆகஸ்டில் மயிலாப்பூரில் நடந்த விழாவின் மூலம் நகர்ப்புறத்து உதவிபெறும் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் காலை உணவு விரிவாக்கப்பட்டது.

இன்று எந்தக் கட்சி அதிகாரத்துக்கு வந்தாலும் பள்ளி உணவை நிறுத்தத் துணியாது. காரணம் யாது? உணவு கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் முட்டை இல்லையென்றால் அன்று மாலையே பிள்ளை வீட்டில் சொல்லிவிடும். மறுநாள் காலையில் நாலு தாய்மார் பள்ளி வாயிலில் நின்று கேட்பார்கள். பெற்றோரின் இக்கேள்விதான் அத்திட்டத்துக்குக் காவல். படிப்பின் விஷயம் அத்தகையதன்று. ஒரு வருஷம் முழுவதும் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளாவிட்டாலும் அது வயிறுபோல் முறையிடாது. தட்டில் சோறு குறைந்தால் ஒரே நாளில் தெரியும் வீட்டுக்கு, தலையில் ஏறவேண்டிய கல்வி குறைந்தது தெரிய ஐந்து வருஷம் பிடிக்கிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைத் தேர்வில் தவறியதென்று அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. இக்கொள்கையை நாம் ஆதரிக்கிறோம். ஏழைப் பிள்ளையை வகுப்பில் நிறுத்தினால் அது படிப்பையே நிறுத்திவிடும் என்பது நாடறிந்த அனுபவம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வருஷந்தோறும் பிள்ளை மேல் வகுப்புக்குப் போவதைக் கண்ட தகப்பன், பிள்ளை நன்றாகப் படிக்கிறதென்றே நம்புகிறான். அவனுக்கு வேறு அடையாளம் எதுவும் காட்டப்படவில்லை. தேர்ச்சி நிச்சயம் என்று வைத்த சர்க்கார், உண்மை நிலையைத் தெரிவிக்கும் பொறுப்பை இரட்டிப்பாக ஏற்கவேண்டும். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எழுதவும், படிக்கவும், எண்ணவும் அறியவேண்டும் என்ற நோக்கத்துடன் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் தொடங்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. தன் பிள்ளை அந்த அளவை எட்டிவிட்டதா என்று அறியும் வழி தாய்க்கு இருந்தாலன்றி அது நிறைவேறாது.

பணத்தின் விஷயமும் இவ்வாறே. சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதிப்படி 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு வருஷ மானியம் 50,000 ரூபாய். இத்தொகை வந்ததா, எதற்குச் செலவாயிற்று என்பதை அப்பாடசாலையின் பெற்றோரில் எத்தனை பேர் அறிவர்? 2024-25-ல் தேசியக் கல்விக் கொள்கையைச் சார்ந்த பிணக்கினால் மத்திய சர்க்கார் இத்திட்டத்தின் நிதியைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கவில்லை. இரண்டாயிரம் கோடிக்கு மேற்பட்ட அத்தொகையைக் குறித்து மேடைகளில் முழக்கம் எழுந்தது. 2025-ல் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. ஆயின், அதனால் தன் பிள்ளையின் பாடசாலையில் குறைந்தது என்ன என்று திருவல்லிக்கேணித் தாய்க்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவ்வுரிமைப் போருக்கு வீட்டுக்கு வீடு ஆள் கிடைத்திருக்கும்.

ஆகவே நாம் கோருவது இது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தொடக்கப் பாடசாலையும் ஒரே ஒரு தாள் வெளியிடவேண்டும். சென்ற மாதம் பள்ளி நடந்த நாட்கள் எத்தனை, ஒவ்வொரு வகுப்பிலும் பாடம் எதுவரை வந்திருக்கிறது, உபாத்தியாயர் ஸ்தானம் எதுவும் காலியாக உள்ளதா, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, குடிநீரும் கழிப்பிடமும் எந்நிலையில் உள்ளன, வைத்தியப் பரிசோதனை நடந்ததா, குழு செய்த தீர்மானங்கள் எவை, அவற்றில் நிறைவேறியவை எவை, வரும் மாதத்து விடுமுறையும் விழாவும் கூட்டமும் எந்தத் தேதியில் என்பனவே அதில் அடங்கவேண்டியவை. தனிப்பட்ட பிள்ளையின் நிலையை ஊரறிய எழுதுதல் தகாது. அதைத் தாய் தந்தையரிடம் நேரில் சொல்லவேண்டும். பொதுவான தாள் பள்ளி வாயிலிலும் ஒட்டப்படவேண்டும், வீட்டுக்கும் போகவேண்டும். உருது பேசும் குடும்பங்கள் உள்ள இடத்தில் உருதுவிலும், தெலுங்கு பேசுவோர் உள்ள இடத்தில் தெலுங்கிலும் வரவேண்டும்.

இதற்குக் கூறப்படும் ஆக்ஷேபங்களை அறிவோம். கைபேசிக் குழுக்களில் செய்தி அனுப்புகிறோமே என்பது ஒன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரே கைபேசி இருந்தால் அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடுகிறது. நூறு செய்திகளுக்கிடையே அனுப்பிய செய்தி மறுநாள் தேடினால் அகப்படுவதில்லை. சுவரில் ஒட்டிய தாள் மாதம் முழுவதும் நின்று சாட்சி சொல்லும். உபாத்தியாயருக்கு மேலும் ஒரு சுமையா என்பது மற்றொன்று. இது நியாயமான கேள்வி. மேற்கூறிய விவரங்களிற் பெரும்பாலானவற்றை அவர் முன்னரே இலாகாவுக்கு அனுப்பியிருக்கிறார். அவற்றையே தொகுத்து அச்சிடத்தக்க தாளாகப் பாடசாலைக்குத் திருப்பி அனுப்புவது இலாகாவின் வேலை. உபாத்தியாயர் சரிபார்த்து இரண்டொரு வரி சேர்த்தால் போதும்.

பெற்றோர் பலர் எழுத்தறியாதவர் என்பது மூன்றாவது ஆக்ஷேபம். இதுவே நமது கோரிக்கைக்கு மிகவும் அநுகூலமானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கக்கூடிய எளிய தமிழில், பெரிய எழுத்தில் அத்தாளை எழுதட்டும். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய்க்குப் படித்துக் காட்டட்டும். தடையின்றிப் படித்தால் தாய்க்குப் பாடசாலையின் செய்தி கிடைக்கும். படிக்க முடியாமல் திணறினால் அதனினும் பெரிய செய்தி கிடைக்கும். செலவில்லாத இப்பரீட்சைக்குப் பரிசோதகரும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

பெற்றோரை அழைத்தாலும் வருவதில்லை என்று சலித்துக்கொள்வோர்க்கும் ஒரு வார்த்தை. குற்றம் சொல்வதற்கும் கையொப்பம் வாங்குவதற்கும் மட்டும் அழைத்தால் யார்தான் விரும்பி வருவர்? மீன் விற்கும் நேரத்திலும், வீட்டு வேலைக்குப் போகும் நேரத்திலும் கூட்டம் வைத்துவிட்டு வரவில்லை என்பது முறையன்று. 1958 முதல் கல்வி இலாகாத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளை நினைவுகூர்வோம். பாடசாலைக்கு என்ன குறை என்று ஊர் கூடிய சபையில் பகிரங்கமாக எடுத்துரைத்தார்கள். கட்டடம், நாற்காலி, சீருடை என்று ஜனங்கள் தாமாகவே முன்வந்து கொடுத்தார்கள். குறையை மறைக்காமல் சொன்னதனாலேயே அந்த உற்சாகம் பிறந்தது. திருவல்லிக்கேணிக்கு இந்தப் பாடம் புதிதுமன்று. 1904-ல் இந்தப் பேட்டையில் தோன்றி, தேசத்தின் கூட்டுறவு இயக்கத்துக்கே முன்னோடியாய் விளங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், அங்கத்தினருக்குக் கணக்குக் காட்டும் தத்துவத்தின்மேல் எழுந்த ஸ்தாபனம். அரிசிக்கும் பருப்புக்கும் பொருந்திய தத்துவம் பிள்ளைகளின் படிப்புக்குப் பொருந்தாதா?

இறுதியாக, அரசியலில் ஈடுபட்டிருக்கும் நம் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்பேட்டையின் கடற்கரையில் திலகர் பெயரால் விளங்கிய திடலில் சுயராஜ்ய முழக்கம் எழுந்த காலம் ஒன்று உண்டு. பாரதியார் தம் கடைசி நாட்களைக் கழித்ததும் இத்தெருக்களிலேதான். மொழிக் கொள்கையையும் கல்விக் கொள்கையையும் குறித்து இரவெல்லாம் வாதிக்க வல்லவர்கள், தம் வட்டத்திலுள்ள தொடக்கப் பாடசாலையின் குழு கடைசியாக எப்போது கூடியது என்று விசாரித்ததுண்டா? ஸ்தல ஸ்தாபனப் பிரதிநிதிக்கு அக்குழுவில் சட்டமே இடம் வகுத்திருக்கிறது. சென்னைக் கார்ப்பொரேஷனின் 200 வட்டங்களிலும் கவுன்சிலர்கள் அக்கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லும்படி அவரவர் கட்சி வற்புறுத்தட்டும். முன்னாள் மாணவராயிருப்போர் குழுவில் இடம் கேட்டுப் பெறட்டும். அடுத்த மாதம் முதல் தேதியன்று தம் தெருப் பாடசாலைக்குச் சென்று, இம்மாதக் கணக்கு எங்கே என்று மரியாதையாகக் கேட்கட்டும். ஒருவர் கேட்டால் உபத்திரவம் என்பார்கள். நூறு பேர் மாதந்தவறாமல் கேட்டால் அதுவே நடைமுறையாகிவிடும்.